அம்பாசிடரில் ஓர் இரைச்சல்

பரளச்சி,
9.2.1992

தம்பி ஜோஸ்வாவுக்கு அண்ணன் செல்லத்துரை எழுதுவது. அம்மா போன மாதம் இருந்தபடியே இருக்கிறாள். வலது கையும் காலும் விழுந்தது விழுந்ததுதான்; வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் வரவில்லை. உன் உடம்பு எப்படி என்று எழுது.

மாலத்தீவில் பள்ளி ஆசிரியர் வேலைக்குச் சென்னையில் நேர்காணல் நடந்தது. போனேன். கிடைக்காத வேலைகளைப் பற்றி ஊருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் உனக்கும் எழுதவில்லை. இந்த முறை கிடைத்துவிட்டது. இயற்பியல் பாடம். அவர்களுக்குப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரும் ஜனவரியில் சேர வேண்டும். நாற்பத்தாறு வயதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. எனக்கு நாற்பத்தாறு நடக்கிறது. இதை விட்டால் எனக்கு வேறு கதவு கிடையாது.

நான் எம்.எஸ்ஸி. முடித்து வந்தபோது இங்கே பள்ளிக்கூடத்து இடத்தைத் தாளாளர் தன் மைத்துனனுக்குக் கொடுத்தார். அவன் இன்று தலைமையாசிரியர்; என்னைப் பார்த்தால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். மதுரையில் கிடைத்த தற்காலிக வேலையை அப்பா படுத்தபோது விட்டேன். அப்பா போனார், அம்மா விழுந்தாள், நீ பஹ்ரைனுக்கு விமானம் ஏறினாய். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். டிசம்பருக்குள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாயா? முத்துப்பேச்சி காலையில் வந்து குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும். வருவேன், வரமாட்டேன் என்று நேராக எழுது.

அண்ணன்,
செல்லத்துரை


மனாமா,
1.3.1992

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, தம்பி ஜோஸ்வாவின் தோத்திரம். அம்மாவுக்கு என் முத்தங்களைச் சொல்லவும். ஆண்டவர் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன்.

வருகிறேன். டிசம்பரில் வந்துவிடுவேன், திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. நீங்கள் தாராளமாக மாலத்தீவுக்குக் கிளம்பலாம்.

நான் வருமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும். என்னோடு கடையில் வேலை செய்து, என் அறையிலேயே தங்கியிருக்கும் திருச்சுழி கிறிஸ்டோ ஏப்ரலில் லீவில் வருகிறான். எங்கள் கடையில் கார்களுக்குப் பூட்டும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், பேஸ் ஸ்பீக்கர் ஒன்றும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவின் அம்பாசிடரில் பூட்டி வைக்க வேண்டும். அப்படியே பூட்டினால் கார் தாங்காது. அதில் இருப்பது பழைய டைனமோ. ஹெட்லைட் போட்டாலே திணறும். இந்த ஆம்ப்ளிஃபயர் அதைப் போலப் பல மடங்கு கரண்ட் கேட்கும். ஆகையால் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட வேண்டும். பேட்டரியையும் பெரிதாக்க வேண்டும். வயர் எல்லாம் புதிதாகத் தடிமனாக இழுக்க வேண்டும்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். ஓர் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிந்த தம்பி,
ஜோஸ்வா


பரளச்சி,
24.3.1992

ஜோஸ்வா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வாரேன்னு எழுதியிருக்கானா?" என்று மூன்று முறை கேட்டாள். ஆம்ப்ளிஃபயர் விஷயத்தைச் சொன்னதும், "சின்னதிலயே அவனுக்குப் பாட்டுன்னா உசுரு" என்றாள். எனக்குச் சின்னதில் எது உசுராக இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை.

முப்பத்தெட்டு வயதில் உனக்கு இந்த மைனர் ஆசை தேவையா? கண்மாய் காய்ந்து கிடக்கிற ஊரில் காருக்குள் கச்சேரி வைத்து யாருக்குக் காட்டப்போகிறாய்? எனினும் நீ வருவதாக எழுதியிருக்கிறாய். உன்னைக் கோபப்படுத்தும் நிலையில் நான் இல்லை. ஆகவே காரை அருப்புக்கோட்டைக்கு ஓட்டிப் போனேன்.

வயரிங் பார்க்கிற பால்சாமி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "என்ன சார், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா?" என்றான்.

"என் தம்பி கேட்கிறான்."

"அவருக்குக் கல்யாணமா?"

"அவனுக்கு முன்னால் நான் ஒருத்தன் இருக்கிறேனே."

"அப்பச் சரி. அவசரமில்ல, மெதுவா முடிச்சுத் தாரேன்."

உடைசலுக்குப் போட்ட ஒரு வேனிலிருந்து ஆல்டர்னேட்டர் கிடைத்தது. அதை உட்காரவைக்கப் பட்டை வெட்டி வெல்டிங் செய்தார்கள். பால்சாமி பேட்டரி வயரைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். அப்பாவின் கார் பழைய காலத்து வழக்கப்படி பாசிட்டிவ் முனையைப் பாடியில் இறக்கிய கார். புது ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் இறங்க வேண்டும். அவன் மாட்டியிருந்தால் அந்த நிமிடமே புகைந்திருக்கும். நீ இதை எழுதவில்லை. கடையில் வேலை செய்கிறவன் நீ, கவனித்தது நான்.

செல்லத்துரை


மனாமா,
2.5.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பாசிட்டிவ் எர்த் விஷயத்தை நான் மறந்தே போனேன். நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் எரிந்திருக்கும்.

கிறிஸ்டோ சாமான்களைக் கொடுத்திருப்பான். இனிச் செய்ய வேண்டியவை: டிராக்டர் பேட்டரி ஒன்றை டிக்கியில் வைக்கவும். முன்னாலிருந்து டிக்கி வரை வெல்டிங் கேபிள் இழுக்கவும். கடையில் விற்கும் கார் வயர் சூடாகி உருகிவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸ் வேண்டும். எர்த் வயர் இறங்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும். பாதிக் கோளாறு அந்த இடத்தில்தான் வரும். ஸ்பீக்கருக்குக் கனமான பலகையில் பெட்டி அடிக்கவும். அதை டிக்கியில் நிரந்தரமாக முடுக்க வேண்டாம். வெளியே எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

ஓட்டிப் பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். எப்படிக் கேட்டது என்று வேண்டாம். எப்படி அதிர்ந்தது, எவ்வளவு தூரம் அதிர்ந்தது என்று எழுதுங்கள். கையை வைத்துப் பாருங்கள்.

தம்பி ஜோஸ்வா


பரளச்சி,
30.5.1992

ஜோஸ்வாவுக்கு,

அம்மா சுகம். வெயிலில் நான் கறுத்துப்போனேன். பாதி நாள் கரண்ட் இல்லை.

நீ சொன்ன அத்தனையும் முடிந்தது. சங்கையா ஆசாரி பெட்டி அடித்தார். "உள்ள என்னய்யா வைக்கப்போறீக, இம்புட்டுக் கனத்துல? சவப்பெட்டியே லேசா இருக்கும்" என்றார். வாங்கி வந்த பேட்டரியைத் தூக்கி வைத்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதையும் உன் கணக்கில் வைத்துக்கொள்.

தண்ணீர் இல்லாததால் கண்மாய்க்குள்ளேயே காரை இறக்கி நிறுத்தினோம். கிறிஸ்டோ கொடுத்த கேசட்டில் பாட்டே இல்லை, இடிதான் இருக்கிறது. பால்சாமி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "சார், உள்ளுக்குள்ள யாரோ உரல் இடிக்காக" என்றான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமி துண்டை வீசிக்கொண்டே ஓடி வந்தார்.

"வாத்தியாரே, ஆடு பூரா பந்தல்குடிப் பக்கம் ஓடுது. பாட்ட நிறுத்துறீகளா, நீங்களே போயிப் பத்திட்டு வாறீகளா?"

நீ கேட்டபடி கை வைத்துப் பார்த்தேன். கதவு, கூரை, ஸ்டியரிங் எல்லாம் அதிர்கின்றன. வெளியே தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளங்கால் வரைக்கும் வருகிறது. ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை. என்னை அறியாமல் ஒரு திருப்தி வந்தது. மதுரையை விட்ட பிறகு கற்றதைப் பயன்படுத்த எனக்குக் கிடைத்த முதல் வேலை உன் மைனர்த்தனம்தான் என்று நினைத்ததும் அது போய்விட்டது.

டிக்கெட் எடுத்த தேதியை எழுது. நான் சென்னைக்கு உறுதிக் கடிதம் அனுப்ப வேண்டும்.

செல்லத்துரை


பரளச்சி,
14.7.1992

ஜோஸ்வா,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அதனால் நேற்று அருப்புக்கோட்டை போய் பூத்தில் காத்திருந்து உன் கடைக்குப் பேசினேன். கிறிஸ்டோ எடுத்தான், உன்னிடம் கொடுத்தான்.

"டிக்கெட் எடுத்துட்டியாடா?" என்றேன். "சரிண்ணே" என்றாய்.

"எந்தத் தேதி?" "சரிண்ணே."

"நான் கேக்குறது காதுல விழுதா, இல்ல விளையாடுறியா?" "சரிண்ணே, சரிண்ணே. அம்மாவப் பாத்துக்கோங்க."

பிறகு போனை வைத்துவிட்டாய். பூத்துக்காரப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீ வரப்போவதில்லை. நான்கு மாதமாக என்னை ஆல்டர்னேட்டருக்கும் கேபிளுக்கும் அலையவிட்டு, நான் வேறெதையும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாய். அப்பாவும் இதைத்தான் செய்தார். மதுரையிலிருந்து வந்த என்னிடம் முதல் நாள் கிணற்று மோட்டாரைப் பிரித்துக் கொடுத்தார். வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடு. நான் பெட்டியில் துணி எடுத்து வைப்பதையாவது நிறுத்திக்கொள்கிறேன்.

செல்லத்துரை


மனாமா,
3.9.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்து நாளாயிற்று. எத்தனையோ முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

போனில் நீங்கள் பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறீர்கள் என்று தெரியவில்லை. சரி என்று சொன்னால் பெரிதாகத் தப்பாகாது என்று நினைத்துச் சொன்னேன்.

எனக்குக் காது போய்விட்டது அண்ணா. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் யாராவது வாயை வைத்துக் கத்தினால் ஏதோ தெரியும். ஷட்டரை இறக்கிய கடைக்குள், கார்களில் உட்கார்ந்து, இந்தப் பெட்டிகளை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இத்தனை வருடம் என் வேலை. போன வருடம் டாக்டர் பார்த்தார். திரும்ப வராது என்றார். இப்போது கடையில் வயர் மட்டும் இழுக்கிறேன். டிசம்பரோடு அதுவும் முடிகிறது.

கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் இருப்பது குரல் ஒன்றுதான். என்னிடம் இல்லாதது காது ஒன்றுதான். இதைச் சொன்னால் நீங்கள் மாலத்தீவை விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். ஏதாவது வழி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பெட்டி பாட்டுக்கு இல்லை. அம்மா அறைக்கு வெளியே உள்ள கொட்டகையில்தானே கார் நிற்கிறது? அம்மா கட்டிலில் மைக்கை வைத்து, வயரை ஜன்னல் வழியாகக் காருக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் என் கட்டிலுக்கு அடியில் வைத்தால் அம்மா கூப்பிடும்போது என் முதுகில் தெரியும். பல்பு வைத்தால் போதுமே என்பீர்கள். அதையும் இங்கே வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடித் தூங்கினால் பல்பு எழுப்பாது. இந்தப் பெட்டி எழுப்பும். ஊரில் கரண்ட் பாதி நாள் இல்லை. அதனால்தான் ஆல்டர்னேட்டரும் பெரிய பேட்டரியும்.

என்மேல் கோபம் வேண்டாம்.

ஜோஸ்வா


பரளச்சி,
25.9.1992

ஜோஸ்வா,

அம்மா சுகம். நானும் இருக்கிறேன்.

இதை நீ மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம். என்னை இன்னதென்று சொல்லாமல் வேலை வாங்கினாய். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். என்னைப் பற்றி எல்லாரும் அவரவராகவே முடிவு செய்கிறீர்கள். காதுக்கு மதுரையில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார். வந்ததும் போக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்ட ஒரு வாய் இருக்குல்ல, அவனுக்கும் சேத்து நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு மைக் வாங்கி வந்து, நீ எழுதியபடி வைத்துப் பார்த்தேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உன் கட்டிலில் படுத்தேன். அம்மா கூப்பிட்டாள். கட்டில் அசையவில்லை. அவள் குரல் கீச்சு. அந்தப் பெட்டி கனத்த சத்தத்துக்குத்தான் மசியும். நீ இதை யோசிக்கவில்லை. மைக்கைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, இடது கையால் சட்டத்தைத் தட்டச் சொன்னேன்.

"பெத்த பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிடாமத் தட்டணுமா? இது என்ன கதவாலே?" என்றாள்.

தட்டினாள். முதுகுக்குக் கீழே யாரோ முட்டிக்கையால் இடித்த மாதிரி இருந்தது. எழுந்துவிட்டேன். பிறகு முத்துப்பேச்சியைப் படுக்க வைத்தேன். "ஆத்தாடி, கட்டிலுக்கடியில ஆளு இருக்கு!" என்று தெருவுக்கு ஓடினாள்.

வேலை செய்கிறது. கரண்ட் இல்லாமல் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன், பேட்டரி இறங்கவில்லை.

செல்லத்துரை


மனாமா,
19.10.1992

என் அன்பு அண்ணனுக்கு ஆயிரம் தோத்திரம்!

கடிதத்தைக் கிறிஸ்டோவிடம் காட்டி அழுதேன், சிரித்தேன். தட்டுகிற யோசனை எனக்கு வரவே வராது. டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் ஒன்றாக இருப்போம். ஜனவரி முதல் வாரத்தில் நீங்கள் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறலாம். வீட்டைவிட்டு நகரமாட்டேன், உட்கார்ந்திருக்கும்போது பெட்டியை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வேன். சென்னைக்கு உறுதிக் கடிதம் போட்டுவிட்டீர்களா?

அம்மாவுக்கு என் முத்தம்.

ஜோஸ்வா


பரளச்சி,
10.11.1992

ஜோஸ்வாவுக்கு,

இங்கே இருவரும் நலம். மழை இரண்டு நாள் பெய்தது. கொத்தமல்லி விதைப்பு நடக்கிறது. சென்னைக்கு இன்னும் எழுதவில்லை. டிசம்பர் பதினைந்து வரை தவணை இருக்கிறது.

ஒரு கோளாறு வந்திருக்கிறது. பேட்டரி ஏற்றுவதற்காகக் காலையில் எஞ்சினை ஓடவிடுகிறேன் அல்லவா, அப்போது ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய இரைச்சல் வருகிறது. கொசு ரீங்காரம் போல. எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் கூடுகிறது. ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். எர்த் இடத்தை மறுபடி சுரண்டினேன். மைக் வயரைக் கேபிளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். பால்சாமியை வரவழைத்தேன். அவன் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கோளாறா சார்? எங்க வீட்டு மிக்ஸியை வந்து கேளுங்க" என்றான். அவனுக்கு எதுவும் சரியாக இருக்க வேண்டியதில்லை.

கட்டிலில் அது தெரிவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு குறையோடு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. முத்துப்பேச்சியும் தை மாதம் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறாள். அம்மாவுக்கு இரண்டு நாளாக இருமல். இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போறவன் போகட்டும்ல. நான் என்ன ஒங்காலக் கட்டியா போட்டிருக்கேன்?" என்றாள்.

சுருக்கென்று பேசுவதே அவள் வழக்கம். இரைச்சலுக்கு உன் கடையில் என்ன செய்வார்கள் என்று விவரமாக எழுது.

செல்லத்துரை


மனாமா,
24.11.1992

அண்ணா,

அம்மாவின் இருமலுக்குக் கிறிஸ்டோ மருந்து வாங்கித் தந்திருக்கிறான், கொண்டுவருகிறேன். முத்துப்பேச்சி போனால் அவள் திரும்பும்வரை நானே குளிப்பாட்டுவேன். என்னைச் சின்னதில் அம்மா குளிப்பாட்டவில்லையா?

இரைச்சலுக்கு ஒரு ஃபில்டர் உண்டு. வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அந்த இரைச்சல் எனக்குக் கேட்காது அண்ணா.

சென்னைக்கு எழுதுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜோஸ்வா


பரளச்சி,
16.12.1992

தம்பி ஜோஸ்வாவுக்கு,

நீ கிளம்புமுன் இது உன் கையில் கிடைக்குமோ என்னவோ. வடக்கே மசூதி இடிபட்டதிலிருந்து ஊரெல்லாம் பதற்றமாக இருக்கிறது; பஸ்ஸும் தபாலும் ஒழுங்காக இல்லை. வழியில் பத்திரமாக வா. விருதுநகருக்குக் காரோடு வந்து நிற்கிறேன்.

சென்னைக்கு எழுதிவிட்டேன். தாயாரின் உடல்நிலை காரணமாக இந்த ஆண்டு சேர இயலவில்லை என்று எழுதினேன். என்ன எழுதினேன் என்று அம்மா கேட்டதால் அவளிடமும் படித்துக் காட்டினேன். "எனக்கு என்னலே? இருமலும் நின்னு போச்சுல்ல?" என்றாள். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தளர்த்துவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பார்க்கலாம். உனக்கும் இங்கே பழக நாளாகும். மதுரை டாக்டரிடம் உன்னை யார் கூட்டிப்போவது? அவர் கேட்பதை யார் உனக்கு எழுதிக் காட்டுவது? இதையெல்லாம் நீ யோசித்திருக்கமாட்டாய்.

ஃபில்டரை மறக்காமல் எடுத்து வா. நேற்றுப் பிற்பகல் உன் கட்டிலில் உட்கார்ந்து, மைக் வயரை எங்கே வெட்டி அதை நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை அதிர்ந்தது. ஒரு முறை நின்று மறுபடி அதிர்ந்தது. வயரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். புரட்டிப் படுக்க வைக்கவா என்றேன். அதுவும் வேண்டாம்.

"பெறகு எதுக்குத் தட்டுன?"

"ஒண்ணுமில்லலே. சத்தத்தையே காணுமே, போயிட்டியா இருக்கியான்னு பாத்தேன்."

இருக்கிறேன் என்றேன்.

அண்ணன்,
செல்லத்துரை